நம்ம வைகைக்கும் அருவி உண்டு! குடும்பத்தோடு போய்வர அக்கா சொல்லும் டிப்ஸ்

தங்கச்சி, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாச்சுன்னா ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் எல்லா வீட்டுலயும் ஒரே பேச்சுதான்: "எங்கயாவது அருவிக்குப் போய்க் குளிச்சிட்டு வரணும்." நியாயமான ஆசை. கடலும் கண்மாயும் உள்ள நம்ம மாவட்டத்துல மலையும் கிடையாது, அருவியும் கிடையாது. உடனே எல்லாரும் குற்றாலம்னு கிளம்பிடுறாங்க. குற்றாலம் அருமையான ஊர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா நம்ம வயலுக்குப் பாயுற வைகைக்கே சொந்தமா அருவிகளும் ஏரிகளும் வரிசையா இருக்கு. அதைப் பார்க்காமலே நம்ம பிள்ளைங்க வளர்றாங்கன்னுதான் எனக்கு ஆதங்கம்.

வைகை வருசநாட்டு மலையில பிறந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை மாவட்டங்களைத் தாண்டி, சுமார் 258 கிலோமீட்டர் ஓடி நம்ம ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வருது. மிஞ்சினது ஆற்றங்கரை கிராமத்துப் பக்கம் கடல்ல சேருது. நாம அந்த ஆத்தோட கடைமடைக்காரங்க. தலைமடையில தண்ணி எப்படி விழுது, எங்கே தேங்குது, யார் வீட்டைத் தாண்டி நம்மகிட்ட வருதுன்னு பிள்ளைங்க ஒரு தடவையாவது கண்ணால பார்க்கணும். அதுக்கு ஏத்த மாதிரி இந்தப் பயணத்தைச் சொல்றேன், குறிச்சு வச்சுக்கோ.

எப்போ கிளம்பலாம்?

தேனிப் பக்கத்து அருவிகளுக்கு ரெண்டு மழையும் கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை. அப்போ மேகமலை, தேக்கடி பக்கம் மழை பிடிச்சா சுருளி அருவியில தண்ணி நல்லா விழும். அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. கொடைக்கானல் மலையில அது கொட்டும்போது கும்பக்கரை அருவி பொங்கும். ஏப்ரல், மே மாச வெயில்ல போனா பாறையைத்தான் பார்த்துட்டு வரணும்.

குடும்பத்தோட போக எனக்குப் பிடிச்சது டிசம்பர் கடைசியும் ஜனவரியும். மழை ஓய்ஞ்சிருக்கும், தண்ணி மிச்சம் இருக்கும், அரையாண்டு லீவும் பொங்கல் லீவும் கையில இருக்கும். கொட்டுற மழையில போனா வெள்ளம்னு சொல்லி வனத்துறை குளிக்கத் தடை போட்டிருப்பாங்க. அதனால கிளம்புறதுக்கு முந்தின நாள் தேனி மாவட்டச் செய்தியைப் பாரு. தங்கப்போற லாட்ஜுக்கு போன் போட்டு, "அருவியில குளிக்க விடுறாங்களா?"ன்னு கேட்டுக்கோ. சுருளியில யானை நடமாட்டம் இருந்தாலும் மூடிடுவாங்க. தடை போட்டிருந்தா வைகை அணைக்கோ வேற இடத்துக்கோ திட்டத்தை மாத்திக்கோ. வாசல்ல நின்னு வனக்காவலரோட வாதாடாதே. அவங்க சொல்றது உன் பிள்ளையோட உயிருக்காக.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்கள்ல சுருளிக்குத் தர்ப்பணம் கொடுக்க நிறையப் பேர் வருவாங்க. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துல அமாவாசைக் கூட்டம் எப்படி இருக்கும்னு நமக்குத்தான் தெரியுமே. குளிக்கிறதுக்காக மட்டும் போறதா இருந்தா அந்த நாட்களைத் தவிர்த்துடு.

எப்படிப் போறது?

பஸ்ல போறவங்க ஒண்ணு கவனிக்கணும். ராமநாதபுரத்துல இருந்து போற பஸ் மதுரையில மாட்டுத்தாவணியில இறக்கிவிடும். தேனி, கம்பம் பஸ் கிளம்புறது ஆரப்பாளையத்துல. ரெண்டுக்கும் நடுவுல டவுன் பஸ் பிடிக்கணும், அதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வச்சுக்கோ. மூட்டை முடிச்சோட, பிள்ளைங்களோட இருந்தா ரயில் சுகம். ராமேஸ்வரத்துல இருந்து மதுரைக்கு ரயில்ல வந்து, அங்கேயே தேனி வழியா போடி போற ரயிலுக்கு மாறிக்கலாம். மதுரை - தேனி அகலப் பாதையில 2022 மே மாசம் ரயில் ஓட ஆரம்பிச்சு, 2023 ஜூன்ல போடி வரைக்கும் நீண்டுச்சு. நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கோ, ரெண்டு ரயிலும் ஒத்து வரணும்.

வேன் எடுத்துப் போனா மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியா தேனி. தேனியில ரூம் போட்டுக்கோ. கும்பக்கரை, சுருளி, மேகமலை, வைகை அணை எல்லாத்துக்கும் அதுதான் நடு. ரெண்டு ராத்திரி தங்கினா அவசரம் இல்லாம பார்க்கலாம். ஒரே நாள்ல போய்த் திரும்புறேன்னு டிரைவரைத் தூங்கவிடாம ஓட்டவிடாதே. அருவியில குளிச்ச உடம்பு அசந்து தூங்கும், அது டிரைவருக்கும் சேர்த்துத்தான்.

எந்த இடத்துல என்ன பார்க்கணும்?

*வைகை அணை.* முதல் நாள் சாயங்காலத்துக்கு இதுதான் சரி. ஆண்டிபட்டிக்குப் பக்கம். 1959 ஜனவரி 21-ல காமராஜர் திறந்து வச்ச அணை. 71 அடி வரைக்கும் தண்ணி தேக்குவாங்க. நீர்மட்டம் 66 அடி வந்தா முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில ரெண்டாவது, 69 அடியில மூணாவது. மழைக்காலத்துல நம்ம ஊர் விவசாயிங்க பேப்பரைத் திறந்ததும் தேடுற எண்ணு இதுதான்னு பிள்ளைங்களுக்குக் காட்டு. அணைக்குக் கீழே ஆத்துக்கு ரெண்டு பக்கமும் பூங்கா. பிள்ளைங்க ஓடியாட நல்ல இடம். அணைப் பக்கம் கட்லா மீனும் ஜிலேபி மீனும் பொரிச்சுத் தருவாங்க. கடல் மீன் சாப்பிட்டுப் பழகின நாக்குக்கு ருசி வேற மாதிரி இருக்கும். முள்ளு பொடிசு, சின்னப் பிள்ளைங்களுக்கு நீயே எடுத்து ஊட்டிவிடு.

*கும்பக்கரை.* பெரியகுளத்துல இருந்து 8, 9 கிலோமீட்டர். கொடைக்கானல் மலையில இருந்து வர்ற பாம்பாறு பாறை பாறையா வழிஞ்சு இறங்குது. அங்கங்கே பாறையைக் குடைஞ்சு தண்ணி தேங்கி நிக்கிற குழிகளைக் கஜம்னு சொல்றாங்க. யானை கஜம், பாம்பு கஜம்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு உண்டு. மேலே பார்த்தா சின்னக் குளம் மாதிரி அமைதியா இருக்கும், உள்ளே ஆழம் பிடிபடாது. அந்தக் குழிகள்ல இறங்கவே கூடாது. குளிக்கிறதுக்குன்னு கம்பி போட்டுவிட்ட இடத்துல மட்டும் நில்லு. இந்தத் தண்ணி பெரியகுளத்து வராக நதியோட சேர்ந்து வைகைக்குப் போகுது.

*சுருளி.* கம்பத்துல இருந்து சுமார் 10 கிலோமீட்டர். வனத்துறை டிக்கெட் எடுத்து, காட்டுப் பாதையில கொஞ்சம் நடக்கணும். பக்கத்துலயே வேலப்பர் கோயில், கைலாசநாதர் குகைக் கோயில் எல்லாம் இருக்கு. வயசானவங்க அருவி வரைக்கும் நடக்க முடியலைன்னா கோயில் பக்கமே உட்கார்ந்துக்கலாம். இந்த அருவிக்குத் தண்ணி கொடுக்கிறது மேலே மேகமலையில இருக்கிற ஏரிகளும் காடும்தான். அதனால கீழே ஒரு சொட்டு மழை இல்லாட்டியும் மேலே பெய்ஞ்சா இங்கே வெள்ளம் வரும். இதை மறக்காதே.

*சின்னச் சுருளி.* கடமலைக்குண்டு தாண்டி, கோம்பைத்தொழு கிராமத்துக்கு அந்தப் பக்கம். மேகமலை அருவின்னும் சொல்வாங்க. சுருளி அளவுக்குக் கூட்டமும் இருக்காது, கடை வசதியும் இருக்காது. சாப்பாடு, தண்ணி எல்லாம் கையோட கொண்டுபோகணும். இங்கே விழுற தண்ணி நேரா மூல வைகையில போய்ச் சேருது. வைகையோட பிறந்த வீட்டுக்குக் கிட்டே போய்க் குளிக்கணும்னா இதைவிட நல்ல இடம் இல்லை. மழை இல்லாத மாசத்துல வத்திடும், விசாரிக்காம போகாதே.

*மேகமலை.* சின்னமனூர்ல இருந்து மலைமேல ஏறணும். 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூவோட பேரு. பிள்ளைங்களைப் பலகை பார்த்துப் பேரு படிக்கச் சொல்லு, வாந்தி நினைப்பே வராது. தென்பழனியில வனத்துறை செக்போஸ்ட் இருக்கு. சாயங்காலம் 6 மணிக்கு மேல வண்டி விடமாட்டாங்க, அதுக்குள்ள இறங்கிடணும். மேலே போனா தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, தூவானம்னு ஏரி ஏரியா விரியும். பார்க்க இயற்கையா தெரிஞ்சாலும் எல்லாம் மின்சாரத்துக்காகக் கட்டின அணைகள். இந்தத் தண்ணியைக் கீழே குழாய்ல இறக்கித்தான் சுருளியாறு மின் நிலையத்துல 35 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறாங்க.

இந்த ஏரிகள்ல ஒருத்தரும் இறங்கவே கூடாது. கரை சேறு, ஆழம் திடீர்னு விழும், தண்ணி குடிக்க யானையும் காட்டு மாடும் வரும். 2021 பிப்ரவரியில இந்தக் காட்டை ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம்னு அறிவிச்சாங்க, தமிழ்நாட்டுல அஞ்சாவது. காடு பிழைச்சாத்தான் வைகைக்கு ஊத்து. தேயிலைத் தோட்டத்துக்குள்ள போட்டோவுக்காக நுழையாதே. அது வேலை நடக்கிற இடம், உள்ளே என்ன படுத்திருக்குன்னும் தெரியாது.

பெட்ரோல், டீசலைச் சின்னமனூர்லயே நிரப்பிக்கோ. கைக்காசும் அங்கேயே எடுத்துக்கோ. மேலே போன் சிக்னலை நம்ப முடியாது, வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை மலை ஏறும் முன்னாடியே சொல்லிடு.

*தேக்கடி.* கம்பத்துல இருந்து லோயர் கேம்ப், குமுளி வழியா கேரளாவுக்குள்ள போகணும். பென்னிகுயிக் கட்டி 1895-ல முடிச்ச முல்லைப் பெரியாறு அணைக்குப் பின்னாடி தேங்கின ஏரி இது. மேற்கே ஓடின ஆத்தை மறிச்சு, மலையைக் குடைஞ்சு இந்தப் பக்கம் திருப்பிவிட்டாங்க. அந்தத் தண்ணியும் வைகை அணைக்குத்தான் வருது. ஒரு சங்கதியைப் பிள்ளைங்ககிட்ட பெருமையாவே சொல்லு. பென்னிகுயிக்குக்கு நூறு வருஷம் முந்தியே, 18-ஆம் நூற்றாண்டு கடைசியில, இந்தத் தண்ணியைக் கிழக்கே திருப்ப முடியுமான்னு யோசிச்சு ஆராயச் சொன்னவர் நம்ம ராமநாதபுரம் சேதுபதி மன்னரோட பிரதானி முத்திருளப்ப பிள்ளை. செலவு தாங்காதுன்னு அப்போ கைவிட்டாங்க. யோசனை பிறந்தது கடைமடையில. லோயர் கேம்ப்ல பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கு, போற வழியில ஒரு கால்மணி நேரம் நின்னு பாரு.

தேக்கடியில படகு ஏறினா லைஃப் ஜாக்கெட்டை ஏறின நிமிஷத்துல மாட்டி, கொக்கியையும் போட்டுக்கோ. யானை தெரியுதுன்னு எல்லாரும் ஒரு பக்கம் எழுந்து ஓடக் கூடாது. 2009 செப்டம்பர் 30-ல இந்த ஏரியில படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. உட்கார்ந்த இடத்துல இருந்தே பார்த்தாலும் யானை தெரியும்.

*கொடைக்கானல் பக்கம்.* இன்னொரு நாள் கையில இருந்தா போகலாம். மலைப்பாதையில டம்டம் பாறையில நிறுத்தினா எதிர்மலையில எலிவால் அருவி, அதாவது தலையாறு அருவி, வெள்ளைக் கோடா தொங்கும். உயரம் 297 மீட்டர், தமிழ்நாட்டுலயே உயரமான அருவி. கீழே இருந்து போகப் பார்க்காதே, தூரத்துல இருந்து பார்க்கிறதுதான் அழகு. மேலே வெள்ளி அருவியில விழுறது கொடைக்கானல் ஏரியோட மிச்சத் தண்ணி. அந்த ஏரி 1863-ல உருவாக்கினது. கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம், வீட்டுல இருந்தே பதிவு பண்ணிடு. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் அங்கே தடை. ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கோ. பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி தனியா வாங்கணும். பெரியகுளத்துக்குக் குடிதண்ணி போற ஏரி அது, அந்த மரியாதையோட பார்த்துட்டு வா.

பையில என்னென்ன?

* ஆளுக்கு ரெண்டு செட் மாத்துத்துணி, ஒரு பெரிய துண்டு. ஈரத்துணி போட ரெண்டு கட்டைப்பை.
* அடியில பிடிப்பு உள்ள ரப்பர் செருப்பு. புதுச் செருப்பு வேண்டாம், தேய்ஞ்ச செருப்பும் வேண்டாம்.
* மேகமலைக்கு மழைக்காலத்துல போனா அட்டை கடிக்கும். வாலிநோக்கம் கல் உப்பு ஒரு கைப்பிடி துணியில முடிஞ்சு எடுத்துக்கோ. அட்டை மேல அந்த முடிச்சை ஒத்தினா தானே விழுந்துடும். பிய்ச்சு எடுக்காதே, ரத்தம் நிக்காம கசியும், புண்ணும் ஆறாது.
* காய்ச்சல், வாந்தி மாத்திரை, கட்டுத்துணி, கிருமிநாசினி மருந்து. பெரியவங்களோட பிரஷர், சுகர் மாத்திரையைப் பெட்டியில வைக்காம கைப்பையில வை.
* பிளாஸ்கும் கொஞ்சம் சுக்குப்பொடியும். குளிச்சு வந்ததும் சூடா ஒரு வாய் குடிச்சா உடம்பு நிமிர்ந்துடும்.
* மாதவிலக்கு நாள் பக்கத்துல இருந்தா நாப்கினும், உபயோகிச்சதைச் சுத்த காகிதமும் தனிப் பையில. அதை அங்கேயே வீசிடாம ரூம் குப்பைத்தொட்டியில சேர்த்துடு.

பெண்களுக்குச் சில வார்த்தை

சேலையோட அருவியில நிக்காதே. தண்ணி குடிச்ச சேலை காலைச் சுத்தும், முந்தானை தண்ணியோட இழுக்கும். நைட்டியும் அப்படித்தான், அடி விளிம்பை மிதிச்சு விழுறவங்க நிறைய. கெட்டியான காட்டன் சுடிதார், அடர்ந்த நிறத்துல, துப்பட்டா இல்லாம போட்டுக்கோ. நனைஞ்சாலும் ஒட்டாது, கூச்சம் இல்லாம குளிக்கலாம்.

நகையெல்லாம் வீட்டுலயே விட்டுட்டுப் போ. தாலிச் செயினைச் சட்டைக்கு உள்பக்கமா ஊக்கு போட்டுக் குத்திக்கோ. மோதிரமும் மெட்டியும் கழட்டி வச்சிடு. குளிர்ந்த தண்ணியில விரல் சுருங்கும், வீட்டுல இறுக்கமா இருக்கிற மோதிரம் அங்கே தானே கழண்டு போயிடும். முடியைப் பின்னிக் கொண்டை போட்டுக்கோ. அவிழ்த்த முடி தண்ணி வேகத்துல முகத்துல அப்பி மூச்சை அடைக்கும்.

துணி மாத்துற அறை இருந்தா உள்ளே போனதும் சுவரையும் ஓட்டையையும் ஒருமுறை பார்த்துட்டு மாத்து. சந்தேகம்னா வெளியே வந்து அங்கே இருக்கிற காவலர்கிட்ட சொல்லு. பெண்களுக்கான உதவி எண் 181, ஆபத்துன்னா 112, ஆம்புலன்ஸ் 108. மூணையும் போன்ல சேமிச்சு வச்சுக்கோ.

தண்ணியில இறங்கும்போது

நாம கடலோரத்து ஆளுங்க. அலை அடங்கின அக்னி தீர்த்தத்துல குளிச்சுப் பழகினவங்க. நீச்சல் தெரியும்னு நம்ம வீட்டு ஆம்பிளைங்களுக்கு ஒரு தைரியம் உண்டு. அந்தத் தைரியம்தான் இங்கே ஆபத்து. உப்புத்தண்ணி உடம்பைத் தூக்கிக் கொடுக்கும், நல்ல தண்ணி அந்த அளவுக்குத் தூக்காது. அருவி விழுற குழியில காத்தும் நுரையும் கலந்திருக்கிறதால மிதப்பு இன்னும் குறைவு. பாறைக்கு அடியில சுழிச்சு இழுக்கும். கடல்ல நீந்துறவரும் இங்கே மூழ்கிடுறார். உன் வீட்டுக்காரர்கிட்டயும் தம்பிகிட்டயும் இதைக் கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிடு.

பாறையில காலு வைக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. பளபளன்னு கருப்பாவோ பச்சையாவோ இருக்கிற இடம் பாசி, அதுல வைக்காதே. சொரசொரன்னு வெளுத்துக் கிடக்கிற இடத்துல பாதம் முழுசையும் பதிச்சு வை. ஒரு கால் ஊனின பிறகுதான் இன்னொரு காலை எடுக்கணும். கையில சோப்புப் பெட்டி, போன் எதுவும் இருக்கக் கூடாது, கம்பியைப் பிடிக்க ரெண்டு கையும் வேணும்.

தலையைக் கொண்டுபோய் நேரா அருவியில நீட்டாதே. முதல்ல கால், அப்புறம் கை, முதுகு, கடைசியில தலை. கட்டியா கொட்டுற நடு இடத்தை விட்டு ஓரத்துல நில்லு. மேலே இருந்து கல்லும் கட்டையும் வரலாம்.

எல்லாத்துலயும் முக்கியம் காட்டாத்து வெள்ளம். அது சொல்லிட்டுத்தான் வரும், நாமதான் கவனிக்கணும். தெளிஞ்சு விழுந்த தண்ணியில லேசா மண் நிறம் ஏறும். காஞ்ச இலை, சுள்ளி, நுரைக்கட்டி மிதந்து வரும். சத்தம் கனக்கும், பக்கத்துல நிக்கிறவங்க பேச்சு காதுல விழாது. இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் "இன்னும் அஞ்சு நிமிஷம்"னு நிக்காதே. பிள்ளையை மணிக்கட்டோட பிடிச்சு மேட்டுக்கு ஏறிடு. விரலைப் பிடிச்சா வழுக்கிடும், மணிக்கட்டைத்தான் பிடிக்கணும். செருப்பு, துண்டு, சோப்பு எது போனாலும் போகட்டும். வெயில் அடிக்குதேன்னு ஏமாறாம, குளிக்கும்போது அடிக்கடி மலை உச்சியைப் பாரு. அங்கே கருமேகம் இறங்கியிருந்தா குளிச்சது போதும்.

பிள்ளைங்களும் பெரியவங்களும்

பிள்ளைங்களுக்கு சிவப்பு, ஆரஞ்சு மாதிரி பளிச்சுனு தெரியுற சட்டை போட்டுவிடு. நீலமும் பச்சையும் தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர்னு பேரு சொல்லிப் பொறுப்பு கொடுத்துடு. "எல்லாரும் பார்த்துக்கிறோம்"னா ஒருத்தரும் பார்க்கலைன்னு அர்த்தம். உதடு நீலமாச்சு, பல்லு கிட்டிச்சுன்னா உடனே வெளியே கொண்டு வந்து தலையைத் துவட்டி உலர்ந்த துணி மாத்து. கடலை மிட்டாய் ஒண்ணு கொடு, குளிர்ல போன தெம்பு திரும்ப வரும்.

நெஞ்சுவலி, ஆஸ்துமா உள்ள பெரியவங்க அருவிக்கு அடியில நிக்க வேண்டாம். ஓரத்துல உட்கார வச்சு ஒரு செம்புல மொண்டு மெதுவா ஊத்திவிடு. ராமநாதசுவாமி கோயில்ல 22 தீர்த்தத்தையும் வாளியில மொண்டு ஊத்தித்தானே குளிக்கிறோம். புண்ணியம் குறையாது.

மலைப்பாதை ஒத்துக்காதவங்களுக்குக் காலையில ரெண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது, பூரி மசாலாவும் கூடாது. முன் சீட்டுல உட்கார வை, கையில எலுமிச்சம்பழம் கொடு.

சாப்பாடு

புளியோதரை, இட்லிப் பொடி தடவின இட்லி, தயிர்சாதத்துக்கு மாங்காய் ஊறுகாய். முதல் நாளுக்கு இது தாங்கும். வாழை இலையிலயோ எவர்சில்வர் டப்பாவுலயோ கட்டு. கும்பக்கரையிலயும் சுருளியிலயும் குரங்கு ஜாஸ்தி. கேரி பேக் சரசரத்தாலே ஓடி வந்து பிடுங்கும். டப்பாவை மூடி துணிப்பையில வச்சா கண்ணுல படாது. பாவம்னு ஒரு வாய் கூடப் போடாதே. போட்டுப் பழக்கினதாலதான் அதுங்க காட்டை விட்டு ரோட்டுக்கு வந்து வண்டியில அடிபடுது.

இதை மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கிறேன்

எண்ணெய் தேய்ச்சுட்டு அருவிக்குப் போகாதே. சீயக்காய், ஷாம்பு, சோப்பு எதுவும் வேண்டாம். நீ விட்டுட்டு வர்ற எண்ணெய் அடுத்து வர்றவங்க காலை வாரும். வனத்துறை தடுக்கிறதும் அதுக்காகத்தான்.

தர்ப்பணம் கொடுத்தா உடுத்தின துணியைத் தண்ணியில விடாதே. துணி விடணும்கிற பழக்கத்தால அக்னி தீர்த்தத்துல எவ்வளவு குவியுது, அதை வாரி எடுக்கிறவங்க பாடு என்னன்னு ராமேஸ்வரத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். நம்ம கடல்ல வேண்டாம்னு வருத்தப்படுறதை அடுத்தவங்க ஊத்துக்கண்ணுல நாம செய்யலாமா? துணியைத் துவைச்சுக் காயவச்சு இல்லாதவங்களுக்குக் கொடு. முன்னோர்களுக்கு அதுவும் போய்ச் சேரும்.

மதுபாட்டிலோட வர்ற கூட்டத்தைப் பார்த்தா விலகிப் போயிடு. உன் குழுவுல யாராவது கொண்டுவந்தா மலை அடிவாரத்துலயே கண்டிப்பா சொல்லிடு. பாறையில உடைஞ்ச ஒரு பாட்டில் அடுத்த சீசன் வரைக்கும் யார் காலையாவது கிழிச்சுக்கிட்டே இருக்கும். கொண்டுபோன குப்பையை ஒரு பையில கட்டி தேனிக்கே எடுத்து வந்துடு.

மதுரை குடிக்கிறது வைகை அணைத் தண்ணி. நமக்குக் குடிக்கக் காவிரி கூட்டுக் குடிநீர் வந்தாலும், நெல்லுக்கும் ஆடு மாட்டுக்கும் கொக்கு நாரைக்கும் வைகையும் வானமும்தான் கதி. மேலே இருக்கிறவங்க தண்ணியை மதிக்கலைன்னு கடைமடையில உட்கார்ந்து வருத்தப்படுற உரிமை நமக்கு இருக்கணும்னா, மேலே போகும்போது நாம மதிச்சு நடந்திருக்கணும்.

வாங்கி வர வேண்டியது

கம்பத்துப் பன்னீர் திராட்சை. புவிசார் குறியீடு வாங்கின பழம், தோட்டத்து ஓரமாவே விப்பாங்க. திரும்புற நாள் வாங்கு, வண்டிச் சூட்டுல ரெண்டு நாள் தாங்காது. வாங்கினதும் மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணியில கால்மணி நேரம் ஊறவச்சுக் கழுவிச் சாப்பிடு. போடி ஏலக்காய் எடைபோட்டு வாங்கு. பச்சை நிறம் மங்காம, உலுக்கினா உள்ளே அரிசி குலுங்காம, கெட்டியா இருந்தா நல்ல ஏலக்காய்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள்

அருவியைப் பார்த்தாச்சு, ஏரியைப் பார்த்தாச்சு. பயணம் அதோட முடியலை. ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைப் பார்த்திபனூர் மதகு அணைக்குக் கூட்டிட்டுப் போ. வைகைத் தண்ணி வலது, இடது கால்வாயா பிரிஞ்சு நம்ம கண்மாய்களுக்குப் போறது அங்கேதான். தண்ணி திறந்திருக்கிற நாளாப் பார்த்துப் போ. மதகுல இறங்கி விளையாட விடாதே, கரையில இருந்தே பார்க்கலாம்.

அப்புறம் நம்ம ஊர் பறவைகள் சரணாலயம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் எல்லாமே கண்மாய்கள்தான். முதல் ரெண்டும் 2022-லயும், அடுத்த ரெண்டும் 2025-லயும் உலக அளவுல மதிக்கிற ராம்சார் பட்டியல்ல சேர்ந்துச்சு. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும், தண்ணி இருந்தா, நாரையும் கூழைக்கடாவும் மரம் மரமா உட்கார்ந்திருக்கும். விடிஞ்சதும் போயிடு, வெயில் ஏறினா அதுங்க இரை தேடப் போயிடும். பளிச்சுச் சட்டை இங்கே வேண்டாம், மங்கின நிறம் போட்டுக்கோ. கூச்சல் போட்டுப் பறக்கவிட்டு வீடியோ எடுக்காதே, கூட்டுல குஞ்சு இருக்கும். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் போனா, 'நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடை'ன்னு சொல்ற கண்மாயோட கரையில ஒரு நடை நடந்து பாரு. அவ்வளவு பெருசை நம்ம முன்னோர்கள் வெட்டி வச்சிருக்காங்க.

சுருளியில குளிச்ச பிள்ளைக்கு அன்னைக்கு ஒரு வேலை கொடு. வருசநாடு, மேகமலை, தேக்கடி, வைகை அணை, பார்த்திபனூர், பெரிய கண்மாய், ஆற்றங்கரை, கடல்னு ஒரு நோட்டுல வரிசையா எழுதி ஆத்தை வரையச் சொல்லு. உங்க ஊர் கண்மாய் அதுல எங்கே வருது, வரத்துக்கால்வாய் எங்கே தூர்ந்து கிடக்குன்னு தாத்தாகிட்ட கேட்டுக் குறிக்கச் சொல்லு. அந்தத் தாளை அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு நீயே எடுத்துட்டுப் போய், கால்வாயைத் தூர்வாரச் சொல்லி மனு எழுதிக் கொடு. கிராமசபையில பேச உனக்கும் உரிமை இருக்கு தங்கச்சி, தயங்காம எழுந்து பேசு.